எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்கள் வரவேண்டாம்

எனக்குக் கோபம் வருவதற்கு இன்றைக்கும் ஒரு வரிசை மரக்கன்று போதும். எங்கேயாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்து, பின்னால் பேனர் கட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தால், என் மகள் என் முழங்கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடுவாள். "ஆரம்பிச்சிராதம்மா" என்பாள். நான் ஆரம்பிப்பதில்லை. ஆனால் அந்த வரிசையில் பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் கையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் நகரவும் மாட்டேன். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில், ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் படித்தேன். நான் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம், போடிமெட்டுக்குப் போகிற சாலையில், இலவந்தோப்புகள் முடிந்து கல்லும் கரடும் தொடங்குகிற இடத்தில், வனத்துறைக்காரர்கள் ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வாசலில் 'இயற்கைப் பூங்கா' என்று ஒரு பலகை. பலகை மாட்டிய அன்று அந்தப் பூங்காவில் இருந்தவை கள்ளிச்செடிகளும், வேலி போடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட சில ஆடுகளும்தான். அந்த இடத்தில் மரம் வளர்க்கிற பொறுப்பை எங்கள் பள்ளிக்கூடத்திடம் கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் நாங்கள் நடந்து போய்க் குழி எடுக்க வேண்டும், கன்று வைக்க வேண்டும், வைத்ததைக் காப்பாற்ற வேண்டும். மேற்பார்வைக்கு எங்கள் அறிவியல் ஆசிரியர். வேலை சொல்லித்தர வனக்காவலர் ஒருவர்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் நான் விளக்கிய பாத்திரம் அடுத்த வேளைக்குள் அழுக்காகிவிடும், கூட்டிய வாசலில் சாயங்காலம் மறுபடி குப்பை கிடக்கும். பூங்காவில் நான் எடுத்த குழி அடுத்த சனிக்கிழமையும் அப்படியே என்னுடைய குழியாக இருந்தது. சரிவில் வழிந்தோடுகிற மழைத்தண்ணீர் தேங்கி நிற்க, குழிக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் கல்லடுக்கி வரப்புக் கட்டுவோம். ஆடு வாய் வைக்காமலிருக்க முள்ளை வெட்டிச் சுற்றி அடைப்போம். ஈரம் காயாமலிருக்க இலவந்தோப்பிலிருந்து சருகு அள்ளி வந்து மூடுவோம். எனக்கு மிகவும் பிடித்தது கலயம் புதைக்கிற வேலை. வீட்டிலிருந்து ஒரு மண்கலயம் கொண்டுபோய், அடியில் ஆணியால் சின்னத் துளை போட்டு, அதில் துணித்திரியைச் செருகி, கன்றுக்குப் பக்கத்தில் வாய் மட்டும் வெளியே தெரியும்படி புதைத்துவிட வேண்டும். அதில் ஊற்றுகிற தண்ணீர் திரி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குப் போகும். வாயை ஓட்டுச்சில்லால் மூடிவிட்டால் வெயில் ஒரு சொட்டைக்கூடக் குடிக்க முடியாது. உடையாமல் துளை போடப் பழகுவதற்குள் எங்கள் வீட்டுக் கலயங்கள் இரண்டு மூன்று போய்விட்டன, அதற்கு அம்மாவிடம் வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

தண்ணீர்த்தொட்டி சரிவின் அடியில் இருந்தது. தொட்டியை ஒட்டிய வரிசைகளைப் பையன்களுக்குக் கொடுத்தார்கள், உச்சியில் இருந்த மேட்டு வரிசையைப் பெண்களுக்கு. ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, நீங்கள்தான் வீட்டில் தண்ணீர் சுமந்து பழகியவர்கள் என்று பதில் வந்தது. அப்போது எனக்கு அது பாராட்டு மாதிரிகூடத் தோன்றியது. மேட்டு வரிசையில் நான் ஒரு வேங்கைக்கன்று வைத்தேன். பக்கத்துக் குழியில் என் தோழி நாவல் வைத்தாள். அவள் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். இரண்டு பேரும் ஒரு குடத்தை மாற்றி மாற்றிச் சுமப்போம்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போவதில்லை. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். கொடிக்கால் வைத்திருந்த ஒருவருடைய மகன் எங்கள் வகுப்பில் படித்தான். அவன் முதல் சனிக்கிழமையே பழக்க தோஷத்தில் பூங்கா வாசலில் செருப்பைக் கழற்றினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அறிவியல் ஆசிரியருக்கு அது பிடித்துவிட்டது. செடிகளுக்கு மரியாதை கொடுக்கிறோம், இனி எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். முள் குத்தினாலும் எங்களுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கொடிக்கால் வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு. மாதவிலக்கான பெண்கள், எங்கள் பேச்சில் வீட்டுக்குத் தூரமானவர்கள், உள்ளே வரக்கூடாது. வந்தால் கொடி வாடிவிடும் என்பார்கள். அந்தப் பாதியை முதல் வருஷம் யாரும் பூங்காவுக்குக் கொண்டுவரவில்லை. கன்றுகள் நன்றாக இருந்தன, அதனால் தேவைப்படவில்லை.

எட்டாம் வகுப்பின் கடைசியில், பங்குனி வெயிலில், வனத்துறையின் பெரிய அதிகாரி ஒருவர் பூங்காவைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்றுகள் இன்னும் இடுப்பளவுக்குக்கூட வரவில்லையே என்று அவருக்குக் கவலை. பள்ளிக் கமிட்டியில் இருந்த ஏலத்தோட்ட முதலாளி ஒருவர், இதற்கெல்லாமா கவலைப்படுவது என்று, தோட்டத்துக்கு வாங்கியதில் மீந்த உரத்தை மூட்டையாக ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலையில் பெரிய மரங்களின் நிழலும், சாரலும், எந்நேரமும் ஈரமான மண்ணும் இருக்கின்றன. ஏலச்செடியின் தூரைச் சுற்றி உரத்தைப் போட்டால் அது குதித்துக்கொண்டு வளரும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விவசாயம் அதுதான். அதே உரத்தை, அதே அளவில், கல் கொதிக்கிற கரட்டில், இரண்டு வருஷம்கூட ஆகாத கன்றுகளின் தூரைச் சுற்றிப் பையன்களை விட்டு அள்ளிப் போடச் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய வனக்காவலர் காட்டுத்தீ பார்க்கக் குரங்கணிப் பக்கம் மேலே போயிருந்தார். மேட்டு வரிசைக்கு வந்து சேர்வதற்குள் மூட்டை காலி. கீழே கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தானே எங்களுக்கு வரும்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது கீழ் வரிசைகளில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. அதற்கடுத்த வாரம் பாதிக்கு மேல் வெறும் குச்சி. தூரைச் சுற்றி மண்ணில் உரம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மேட்டு வரிசையில் என் வேங்கையும் தோழியின் நாவலும் மற்றப் பெண்களின் கன்றுகளும் பச்சையாக நின்றன. பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அப்பா, கொடிக்கால்காரர், வந்து பார்த்தாராம். பொம்பளைப் பிள்ளைகளைக் கண்ட நேரத்திலும் உள்ளே விட்டால் செடி எப்படி நிற்கும் என்று கேட்டாராம். தலைமையாசிரியர் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் இருந்த பெண்களை எல்லாம் தையல் டீச்சர் தையல் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். யார் எந்த நாளில் தூரம் என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் எட்டாம் வகுப்புக்கு மேல், எட்டையும் சேர்த்து, பெண்கள் யாருமே பூங்காவுக்கு வரவேண்டாம், அதிகாரி வருகிற அன்று வேலிக்கு வெளியே நின்று வரவேற்புப் பாட்டு மட்டும் பாடினால் போதும் என்றார். சொல்லும்போது எங்களில் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் தோழி என்னிடம், எங்கள் வீட்டுக் கொல்லையில் மருதாணிச் செடி இருக்கிறது, எல்லா நாளும் நாங்கள்தான் பறிக்கிறோம், அது மரமாகிவிட்டது என்றாள். எனக்கு அவ்வளவு ஆத்திரம். எங்கள் கை பட்டுத்தான் செடி கருகும் என்றால், முதலில் கருகியிருக்க வேண்டியது எங்கள் கன்றுகள் அல்லவா? நாங்கள் கை வைக்காத கீழ் வரிசை கருகுகிறது, நாங்கள் வாரந்தோறும் கட்டிப்பிடித்து வளர்த்த மேட்டு வரிசை தளிர்க்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, அத்தனை பெரியவர்களும் சேர்ந்து குற்றத்தை எங்கள் தலையில் வைத்தார்கள்.

நான் அறிவியல் ஆசிரியரிடம் போனேன். அவர் எங்களுக்கு உப்புத்தண்ணீரில் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு, அது துவண்டு போவதைக் காட்டி, உப்பு கூடினால் உயிருள்ளதில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிவிடும் என்று சொல்லிக்கொடுத்தவர். ஆசிரியர் அறை வாசலில் நின்று, கீழ் வரிசை மண்ணில் உரம் பூத்துக் கிடப்பதைச் சொன்னேன்.

"உருளைக்கெழங்கு மாதிரித்தான சார் இதுவும்?" என்றேன்.

அவர் அறைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. ஒரம் கூடிப்போச்சுன்னு சொன்னா குடுத்தவரு சங்கடப்படுவாரு. நம்ம பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவோ செய்றவரு. நீங்க கொஞ்ச நாளைக்கு வராம இருந்தீங்கன்னா எல்லாம் ஆறிப்போகும்."

இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறவில்லை. கொடிக்கால்காரருக்குத் தெரியாது, அவர் தாத்தா சொன்னதைச் சொன்னார். தலைமையாசிரியருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உரம் கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக, எட்டு, ஒன்பது, பத்து வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் செடியைக் கருக்குகிறவர்கள் என்று சொல்லவிட்டுச் சும்மா இருந்தார். மறுநாள் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தினார். நான் நோட்டைத் திறக்கவில்லை.

உரம் கொடுத்த அந்த முதலாளியின் ஏலத்தோட்டத்தில்தான் என் அம்மா வேலை பார்த்தாள். விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஜீப்பில் ஏறி, ஒருத்தி மடியில் ஒருத்தி என்று நெருக்கிக்கொண்டு, கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து மெட்டுக்கு மேலே போவாள். காய் எடுப்புக் காலத்தில் தூரில் குனிந்து பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ளுகிற வேலை. மற்றக் காலத்தில் களை, கவாத்து. அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், அந்த நாட்களில் தோட்டத்துக்குப் போகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

"போகாம? வீட்ல உக்காந்தா மறுநாளு ஜீப்புல எடம் போயிரும்" என்றாள்.

"கங்காணி ஒண்ணும் கேக்க மாட்டாரா?"

"அவரு எதுக்குக் கேக்குறாரு. கேட்டா ஆளு கொறையும்ல."

அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் என்றேன். பள்ளிக்கூடத்தில் சொன்னால் கேட்டுக்கொள், ஊர் வாயில் விழாதே என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மாவின்மீதும் எனக்குக் கோபம் வந்தது. பகலெல்லாம் முதலாளியின் ஏலச்செடியைத் தொட்டு வேலை செய்கிறவள், வீட்டுக்கு வந்ததும் தூரம் என்று பின்கட்டில் தனியாக உட்காருவாள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை அந்த நாட்களில் தொட மாட்டாள். நான்தான் பறித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கை, காலையில் ஆகும், மாலையில் ஆகாது. இதில் யாருக்கு எது வசதி என்பது எனக்கு அந்த வயதிலேயே புரிந்துவிட்டது.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. கீழ் வரிசைகளில் கருகியவற்றைப் பிடுங்கிவிட்டு, அவசர அவசரமாக நாற்றுப்பண்ணையிலிருந்து புதுக் கன்றுகளை வாங்கி வந்து, பாலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளியிருந்தார்கள். நாங்கள் தாவணி கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே சாலையோரம் நின்று பாடினோம். அதிகாரி பளபளக்கும் பூட்சோடு நேராக உள்ளே நடந்தார். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதரின் பூட்சுக்கு எந்தச் செடியும் வாடாது போலிருக்கிறது.

சாலை ஏற்றத்தில் போவதால், மேட்டு வரிசை வேலியை ஒட்டி எங்களுக்கு நேரே இருந்தது. பேசுவது நன்றாகக் கேட்டது. அதிகாரி கீழ் வரிசைகளை வேகமாகக் கடந்து, மேட்டு வரிசைக்கு வந்ததும் நின்றார். பரவாயில்லையே, இதை யார் வளர்த்தது என்று கேட்டார். தலைமையாசிரியர் என் வகுப்புப் பையன் ஒருவனைத் தோளைப் பிடித்து என் வேங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவன் பாவம், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அதிகாரி குனிந்து ஓட்டுச்சில்லைத் தூக்கிப் பார்த்து, இந்தக் கலயம் எதற்குத் தம்பி என்றார். தொட்டிக்குப் பக்கத்து வரிசைகளுக்குக் கலயம் தேவைப்பட்டதில்லை, அதனால் பையனுக்குத் தெரியாது.

"எறும்புக்கு சார்" என்றான்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பாட்டின் நடுவில் வரிசையை விட்டு வேலியருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அது தண்ணிக்கு சார். அடியில திரி இருக்கு. அந்தக் கன்னு நான் வச்சது" என்றேன். தலைமையாசிரியர் கையை ஆட்டி என்னைப் பின்னால் போகச் சொன்னார். நான் போகவில்லை. "வீட்டுக்குத் தூரமா இருந்தப்பவும் நான்தான் அதுக்குத் தண்ணி ஊத்துனேன். ஒண்ணும் ஆகல. கீழ கருகுனதெல்லாம் ஒரம் போட்டதுல கருகுனது."

பாட்டு நின்றுவிட்டது. தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உரம் என்றால் என்ன உரம், எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டிருந்தால்கூடப் போதும், மரம் வளர்ப்பதற்குத்தானே அவருக்கு உத்தியோகம். அவர் ஓட்டுச்சில்லைத் திரும்பக் கலயத்தின்மேல் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வெயில் ஏறுகிறது போகலாமா என்றார். எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள். அங்கே கமிட்டிக்காரர் தோட்டத்து ஏலக்காய் தட்டிப்போட்ட சர்க்கரைப் பொங்கல் இருந்தது. அந்தக் காயை எந்தப் பெண் எந்த நாளில் எடுத்தாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. மணமாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அம்மாவை வரச்சொல்லி ஆள் போனது. அம்மா ஜீப்பை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பத்துப் பேர் நடுவில் ஒரு பெண்பிள்ளை சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று தலைமையாசிரியர் கேட்டார். அந்த வார்த்தையை முதலில் எங்கள் தலையில் வைத்து ஊரெல்லாம் சொன்னது யார் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என் முதுகில் ஓங்கி அடித்தாள். பிறகு அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அடி வலித்தது. அம்மா கும்பிட்டதைப் பார்த்து அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாரே, அதுதான் இன்னும் வலிக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாளே, ஊர் வாய் அடங்கட்டும் என்று என்னை ராசிங்காபுரத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே லீவு முழுக்க நான் நிலக்கடலை உரித்துக்கொண்டு, என் வேங்கை எந்த நாளில் செத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பையன்கள் விடுமுறையில் பூங்காப் பக்கம் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கலயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் எந்தக் கன்றும் தாங்காது. நல்லெண்ணத்தில் உரத்தைப் போட்டுக் கீழ் வரிசையைக் கொன்றார்கள், ஒன்றுமே செய்யாமல் மேட்டு வரிசையைக் கொல்லப்போகிறார்கள். அதற்கும் எங்கள்மேல்தான் பழி வரும் என்று தோன்றத் தோன்ற எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை எனக்குக் காத்துக்கருப்பு அடித்திருக்கும் என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

வைகாசி நடுவில் ஊருக்கு வந்த அன்று சாயங்காலமே, தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மலைச்சாலையில் நடந்தேன். பூங்கா வாசல் பூட்டியிருந்தது. மேட்டு வரிசையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தோழியின் நாவல் குச்சியாக நின்றது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே காய்ந்துவிட்டன. என் வேங்கை மட்டும் பச்சையாக இருந்தது. நுனியில் செம்பழுப்பு நிறத்தில் புதுத் தளிர்கூட விட்டிருந்தது. கலயத்தைச் சுற்றி மண் ஈரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வனக்காவலர் மேலிருந்து இறங்கி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

அப்போது மெட்டிலிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று வேலியோரம் நின்றது. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களை விலக்கிக்கொண்டு என் அம்மா இறங்கினாள். கையில் சோறு கொண்டுபோகிற தூக்குவாளி. அதில் தண்ணீர் தளும்பியது. இறக்கம் முடிகிற இடத்தில் டிரைவர்கள் நிறுத்தி முகம் கழுவுகிற குழாயில் பிடித்து வந்திருக்கிறாள். டிரைவர் "வெரசா வாக்கா" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் சொன்ன விதத்திலேயே இது தினமும் நடக்கிறது என்று தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். நான் தூக்குவாளியையே பார்த்தேன்.

"என்ன பாக்குற. கம்பியத் தூக்கிப் பிடி" என்றாள்.

அடிக்கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா குனிந்து உள்ளே போய், ஓட்டுச்சில்லை எடுத்துவிட்டு, தூக்குவாளியைக் கலயத்தில் கவிழ்த்து, திரும்ப மூடிவிட்டு வந்தாள். மற்றக் கன்றுகளுக்கு ஏன் ஊற்றவில்லை என்று கேட்டேன். இருப்பது ஒரு தூக்குத் தண்ணீர், எத்தனைக்குத்தான் ஊற்றுவது என்றாள். ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மடியில் நான் உட்கார்ந்தேன். அடுத்து வந்த நாட்களில் அம்மா வீட்டுக்குத் தூரமாகி மாலையில் பின்கட்டில் தனியாக உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளும் தூக்குவாளி வெறுமையாகத்தான் வீட்டுக்கு வந்தது, அடியில் ஈரத்தோடு.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பூங்காவைப் பற்றிப் பேசினார். கட்டுப்பாடு வைத்தபிறகு, இந்தக் கோடையிலும் மேட்டு வரிசையில் ஒரு வேங்கை தளிர்த்திருக்கிறது, பெரியவர்கள் வைத்த வழக்கம் எதுவும் வீணாக வைத்ததில்லை என்றார். மற்றவை ஏன் காய்ந்தன என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது, அவை முன்பே தீட்டுப் பட்டவையாம். செத்தாலும் எங்களால், பிழைத்தாலும் நாங்கள் இல்லாததால். அறிவியல் ஆசிரியர் அவருக்குப் பின்னால் நின்று சட்டைப்பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அன்று மாலை அம்மா வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கை, கால் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தளிர்த்ததற்கு அவர் சொன்ன காரணத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அவருகிட்டப் போயி, லீவு பூராவும் அதுக்குத் தண்ணி ஊத்துனது எங்கம்மான்னு சொல்லு" என்றாள். "எந்த நாளும் விடலன்னு சொல்லு."

"மறுபடியும் ஒன்னையத்தான் கூப்புட்டு விடுவாக."

"கூப்புடட்டும். இந்தவாட்டி நான் மட்டும் வர மாட்டேன். ஜீப்புல வர்ற அத்தன பேரும் வர்றோம்னு சொல்லு. ஏலத்தோட்டத்துக்கு எந்தெந்த நாளு போனோம்னு வந்து சொல்றோம். கமிட்டிக்காரரும் இருந்து கேக்கட்டும்."

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், ஜீப்பையும் கமிட்டிக்காரரையும் சேர்த்து. அவர் வகுப்புக்குப் போ என்றார். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. எங்களைப் பூங்காவுக்கு வரவேண்டாம் என்று போட்ட உத்தரவையும் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற்றால் அப்படி ஓர் உத்தரவு போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். தவறு என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னிடமோ என் தோழியிடமோ சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை நானும் தோழியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். வாசலில் அறிவியல் ஆசிரியர் நின்றிருந்தார். எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாங்கள் மேட்டு வரிசைக்கு ஏறி, காய்ந்துபோன நாவலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே குழியில் புதுக் கன்று ஒன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். அன்று நான் வீட்டுக்குத் தூரமாகி இரண்டாம் நாள்.